மனநல மருத்துவரின் தகுதியை அறிந்துகொள்வது எப்படி?

எங்கள் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் பலர், மருந்துச் சீட்டில் உள்ள பட்டங்களைப் பாராமலே வீடு திரும்புகின்றனர். மருத்துவரின் தகுதியைக் கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்ற தயக்கமே இதற்குக் காரணம். அத்தயக்கம் தேவையற்றது.

மனநல மருத்துவர் முதலில் ஒரு பொது மருத்துவர். பயிற்சி மருத்துவராகப் பணியாற்றும் ஓராண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் எம்.பி.பி.எஸ். பயின்று, பின்னர் மனநல மருத்துவத்தில் 3 ஆண்டுகள் எம்.டி. அல்லது டி.என்.பி. முடித்தவர். டி.பி.எம். என்னும் 2 ஆண்டுப் பட்டயம் பெற்ற மூத்த மருத்துவர்களும் உள்ளனர்.

மனத்துக்கு மருத்துவம் செய்பவர் உடலை ஏன் பயில வேண்டும்? தைராய்டு சுரப்பு குறைந்தால் தோன்றும் சோர்வும் ஆர்வமின்மையும் மனச்சோர்வு நோயைப் போலவே காணப்படும். முதியவர் ஒருவர் திடீரெனக் குழம்பிப் பிதற்றுவதற்குச் சிறுநீர்த் தொற்றோ, இரத்தத்தில் சோடியம் குறைந்ததோ காரணமாகலாம். இவற்றை அறியாமல் மந்திரிப்பதிலோ அறிவுரை கூறுவதிலோ நாள்களைக் கழித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மருத்துவ உளவியலாளரின் பணி வேறு. அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவர், உளவியல் சோதனைகளும் உளவியல் சிகிச்சையும் அளிப்பார், மருந்து எழுதமாட்டார். பல நோயாளிகளுக்கு இவ்விருவரின் உதவியும் தேவைப்படுகிறது. 'ஆலோசகர்' என்ற பெயரையோ குறுகிய காலப் பயிற்சி பெற்றவரும் வைத்துக்கொள்கிறார். ஆகவே, அவரது படிப்பைக் கேட்டறியுங்கள்.

மருத்துவர் தரும் மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் ரசீதிலும் அவரது பதிவு எண் இருத்தல் வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைக் கொண்டு மாநில மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டில் அவரது பெயரைச் சரிபார்க்கலாம். நோயின் தன்மை, சிகிச்சை முறை, மருந்தின் பக்கவிளைவுகள் ஆகியவற்றைக் கேட்டறியும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு வழங்கியுள்ளது.

பட்டம் ஒருவரது பயிற்சிக்குச் சான்று; அவர் உங்கள் சொல்லைச் செவிமடுப்பார் என்பதற்குச் சான்றன்று. மனநிறைவு இல்லையெனில் வேறொரு மருத்துவரின் கருத்தைத் தாராளமாகப் பெறலாம். ஆனால், அதுவரை மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். உடனடி ஆலோசனை தேவைப்படுவோர் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது எங்கள் தகுதியையும் கேளுங்கள். மகிழ்ச்சியுடன் விடை கூறுவோம்.