உள்ளங்காலைப் பாருங்க: ஜப்பானின் பழைய சூப்பர் ஹீரோ பொம்மைகள்

இன்னைக்கு ஒரு பொம்மைக் கதை. 1960கள்லயும் 70கள்லயும் ஜப்பான் குழந்தைகளுக்காக வந்த அல்ட்ராமேன், காமென் ரைடர் பொம்மைகளை இப்போ பெரியவங்க தேடித் தேடி வாங்கறாங்க, விக்கறாங்க. இந்தச் சந்தையில பழகின ஒருத்தர் கையில பழைய பொம்மை ஒண்ணு கிடைச்சா முதல்ல எதைப் பார்ப்பார் தெரியுமா? தலைகீழா திருப்பி உள்ளங்காலைப் பார்ப்பார். முகமெல்லாம் அப்புறம்தான்.

ஏன்னு போகப் போகப் புரியும். நான் இதைக் காசு கொடுத்துத்தான் கத்துக்கிட்டேன். அதையும் சொல்றேன்.

வாரம் ஒரு அரக்கன்

1954இல் வந்த காட்ஸில்லா படத்துக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செய்தவர் எய்ஜி சுபுராயா. அவருடைய நிறுவனம் 1966 ஜனவரியில் 'அல்ட்ரா கியூ' என்ற டிவி தொடரைக் கொண்டுவந்தது. அதே வருஷம் ஜூலையில் 'அல்ட்ராமேன்' வந்தது. வாரா வாரம் ஒரு ராட்சத மிருகம் வரும். ஜப்பானிய மொழியில் அதற்குப் பெயர் கைஜு. பொம்மைக் கம்பெனிக்கு இதைவிட என்ன வேணும்? வாரம் ஒரு அரக்கன்னா, வாரம் ஒரு புதுப் பொம்மைக்கு வழி இருக்கு.

அதைப் பிடித்துக்கொண்டது மருசான் என்ற கம்பெனி. அவங்க செஞ்சது 'சோஃபுபி'. சாஃப்ட் வினைல் என்ற சொல்லை ஜப்பானியர்கள் சுருக்கிக் கூப்பிடுற பெயர். முதலில் மெழுகில் உருவம் செதுக்குவார்கள். அதை வைத்து உலோக அச்சு செய்வார்கள். அச்சுக்குள் திரவ வினைலை ஊற்றிச் சூடாக்கினால், அச்சின் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் கெட்டியாகும். மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, சூடாக, இளகியிருக்கும்போதே இடுக்கியால் வெளியே இழுப்பார்கள். உள்ளே வெற்றிடம். எடை குறைவு, கீழே விழுந்தாலும் உடையாது. குழந்தைகளுக்குச் சரியான பொருள்.

அல்ட்ரா கியூ கறுப்பு வெள்ளைத் தொடர். அதனால் பொம்மைக்கு என்ன நிறம் என்பதில் கம்பெனிக்கு முழுச் சுதந்திரம். அந்தக் கற்பனை நிறங்களுக்காகவே இன்னைக்கும் அலையறவங்க இருக்காங்க.

மருசான் 1968இல் திவாலானது. அங்கே வேலை பார்த்தவர்கள் அடுத்த வருஷம் புல்மார்க் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1971இல் காமென் ரைடர் வந்தார். பண்டாய் குழுமத்தின் போப்பி கம்பெனி அவருடைய பெல்ட்டை, விளக்கு எரிந்து சுழலுகிற மாதிரி செய்து விற்றது. அதே போப்பி 1974இல் மாசிங்கர் இஸட் ரோபோவைக் கனமான உலோகத்தில் வார்த்து, 'சோகோகின்' என்று பெயர் வைத்தது. சூப்பர் உலோகக் கலவை என்று அர்த்தம். கதையில் அந்த ரோபோ செய்யப்பட்ட உலோகத்தின் பெயரும் அதுதான். புல்மார்க் 1977இல் மூடப்பட்டது. 1983இல் போப்பி, பண்டாயோடு இணைந்தது.

பவர் ரேஞ்சர்ஸ் பார்த்து வளர்ந்தவங்களுக்கு ஒரு தகவல்: அதோட வேரும் இங்கதான். 1975இல் தொடங்கிய சூப்பர் சென்டாய் வரிசையில், 1992இல் வந்த தொடரின் சண்டைக் காட்சிகளை எடுத்துத்தான் அமெரிக்காவில் பவர் ரேஞ்சர்ஸை உருவாக்கினார்கள்.

இப்போ உள்ளங்காலுக்கு வருவோம். ஒரே கைஜுவை மருசான் செஞ்சிருக்கலாம், புல்மார்க் செஞ்சிருக்கலாம், பிறகு பண்டாயும் செஞ்சிருக்கலாம். எது யாருடையதுன்னு சொல்ற முத்திரையும், கதாபாத்திரத்தின் உரிமை யாருக்குங்கற எழுத்தும் பெரும்பாலும் காலடியிலதான் இருக்கும். அதுதான் பொம்மையோட பிறப்புச் சான்றிதழ்.

குழந்தை செய்யாமல் விட்டது

சரி, இதுக்கெல்லாம் ஏன் அவ்வளவு விலை? அந்தக் காலத்தில் கடை கடையாகக் கிடைத்த சாமான்தானே?

அங்கேதான் விஷயம். எல்லாமே விளையாடறதுக்காகச் செஞ்சது, குழந்தைகளும் விளையாடித் தீர்த்துட்டாங்க. சோஃபுபி ஒரு பிளாஸ்டிக் பையில், மேலே மடித்து ஒட்டிய அட்டையோடு வரும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையைக் கிழித்து எறிவதுதான் முதல் வேலை. சோகோகின் மாசிங்கரின் கை முஷ்டி ஸ்பிரிங் விசையில் பறக்கும். பறந்த முஷ்டி கட்டிலுக்கு அடியில் போனால் போனதுதான்.

ஆக, இன்னைக்கு அதிக விலை போறது அந்தக் குழந்தை செய்யாமல் விட்ட விஷயங்களுக்கு. கிழிக்காத பை, தொலைக்காத முஷ்டி, தூக்கி எறியாத பெட்டி. ஒரே பொம்மை பெட்டியோட இருந்தா ஒரு விலை, பெட்டி இல்லேன்னா வேற விலை.

அதனால, கையில் பழசு ஒண்ணு இருந்தா பெயின்ட் அடிச்சுப் புதுசாக்கிடாதீங்க. தேஞ்சு போன பழைய பெயின்ட்டுக்கு இருக்கிற மதிப்பு, பளபளக்கிற புதுப் பெயின்ட்டுக்குக் கிடையாது. வெயில் படாமல் வையுங்க, நிறம் மங்கும். இரண்டு வினைல் பொம்மைகளை ஒட்டி வைக்காதீங்க. வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் வருஷக்கணக்கில் மெல்லக் கசிந்து வெளியே வரும். அப்போ பொம்மை பிசுபிசுக்கும், ஒன்றின் நிறம் இன்னொன்றில் ஒட்டும்.

எங்கே விற்கிறார்கள்?

டோக்கியோவின் நகானோ பிராட்வே என்ற வணிக வளாகம், அல்ட்ராமேன் வந்த அதே 1966இல் திறந்தது. 1980இல் அங்கே பழைய காமிக்ஸ் விற்கும் சின்னக் கடையாகத் தொடங்கிய மண்டராகே, இன்று பழைய பொம்மைச் சந்தையின் பெரிய பெயர். டோக்கியோவில் வாடகைக் கண்ணாடிப் பெட்டிகளும் உண்டு. மாத வாடகை கொடுத்து ஒரு பெட்டியை எடுத்து, உங்க பொம்மையை அதில் விலைச் சீட்டோடு வைக்கலாம். விற்பனையைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

1994இல் ஒரு டிவி நிகழ்ச்சி தொடங்கியது. வீட்டில் இருக்கிற பழம்பொருளைக் கொண்டுவந்தால் நிபுணர்கள் விலை சொல்வார்கள். பொம்மைகளுக்கு மதிப்புச் சொன்னவர், யோகோஹாமாவில் தகரப் பொம்மை அருங்காட்சியகம் வைத்திருக்கும் தெருஹிசா கிதஹாரா. 1999இல் யாஹூ ஏல தளம் ஜப்பானில் வந்ததும், சந்தை கடைகளைத் தாண்டி வீடுகளுக்குள் போனது.

இதில் சட்டமும் இருக்கு. உங்க வீட்டுப் பழைய பொம்மையை விற்க ஜப்பானில் உரிமம் தேவையில்லை. ஆனா விற்கிறதுக்காகவே பழைய பொருளை வாங்கினா, 1949ஆம் வருஷச் சட்டப்படி போலீஸ் வழியாக உரிமம் வாங்கணும். திருட்டுப் பொருள் சந்தைக்குள் வராமல் தடுக்கத்தான் அந்தச் சட்டம்.

நான் கோட்டை விட்ட இடம்

வெளிநாட்டிலிருந்து வாங்கணும்னா, நமக்காக ஜப்பான் தளங்களில் ஏலம் கேட்டு அனுப்பி வைக்கிற இடைத்தரகு சேவைகள் இருக்கு. அப்படித்தான் ஒரு புல்மார்க் கைஜுவை வாங்கினேன். நல்ல நிறம், காலில் முத்திரை, எல்லாம் சரி. கைக்கு வந்த பிறகுதான் விவரத்தை மறுபடி நிதானமாகப் படித்தேன். நடுவில் ஒரு சொல்: 'ஃபுக்கோகு'. மறுவெளியீடு என்று அர்த்தம். பழைய அச்சையோ அதே வடிவத்தையோ வைத்துப் பல வருஷம் கழித்து முறைப்படி செய்தது. மொழிபெயர்ப்புக் கருவி அந்தச் சொல்லை மழுப்பிவிட்டது, நானும் அவசரத்தில் கேள்வி கேட்கவில்லை. விற்றவர் ஒளிக்கவே இல்லை.

அதுக்கப்புறம்தான் உண்மையான சோதனை. சில மாசம் கழிச்சு ஒருத்தர் அதைப் போட்டோவில் பார்த்து, 'எழுபதுகளோட புல்மார்க்கா? என்ன விலை?'ன்னு கேட்டார். பையும் அட்டையும் என்கிட்ட இல்லை. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்ட காசு திரும்பியிருக்கும். கொஞ்சம் சபலப்பட்டேன், மறைக்கல. கடைசியில் 'இது மறுவெளியீடு'ன்னு முதல் வரியிலேயே எழுதி அனுப்பினேன். நான் கொடுத்ததில் பாதிக்கும் குறைவான விலைக்கு வாங்கிக்கிட்டார். ஆனா அடுத்த தடவை அவர் ஒண்ணை விற்கும்போது, உடைஞ்ச இடத்தையெல்லாம் தனித்தனியா போட்டோ எடுத்து எனக்குத்தான் முதல்ல அனுப்பினார்.

விற்கப் போறீங்களா?

உள்ளங்கால், முதுகு, மூட்டுகள், உடைசல் எல்லாத்தையும் போட்டோ எடுங்க. உயரத்தை அளந்து எழுதுங்க. அசல் பொம்மையிலிருந்து அச்சு எடுத்துச் செய்த போலி, ஆறும்போது சுருங்கி அசலைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கும். பழுது பார்த்திருந்தா எங்கேன்னு சொல்லுங்க. பெட்டி மறுபதிப்புன்னா அதையும் சொல்லுங்க.

வாங்கறவங்களுக்கு: 'ஜங்க்'னு போட்டிருந்தா பழுதுக்குப் பொறுப்பில்லை. 'நோ கிளெய்ம், நோ ரிட்டர்ன்'னா திருப்பி வாங்க மாட்டார்கள். 'ஃபுக்கோகு'வுக்கு அர்த்தம் இனி உங்களுக்கே தெரியும்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு குழந்தை கையில் இருந்த பொருள் அது. அது எங்கிருந்து எப்படி வந்ததுன்னு இப்போ நாம சொல்றதை நம்பித்தான் அடுத்தவர் காசு கொடுக்கிறார். அதைச் சரியா சொல்லிக் கைமாத்துங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.