கல்லிலே ஒரு காட்சி

சினிமாவுக்குக் கதை எழுதவேண்டும் என்ற ஆசை நம் வாலிபர்களைப் பிடித்திருப்பதுபோல் வேறெந்த ஆசையும் பிடித்திருப்பதாகத் தெரியவில்லை. செங்கற்பட்டில் மின்சார ரயில் ஏறினால் நேரே கோடம்பாக்கத்தில் இறங்கிவிடலாம். இந்தச் சௌகரியமே நமது ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு ஆபத்தாகவும் முடிந்திருக்கிறது. நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் சென்ற மாதம் வந்தார். நிரந்தர உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்துவிட்டு முழு நேரமும் திரைக்கதை எழுதப் போவதாகத் தெரிவித்தார். "எழுதியது எங்கே, தம்பி?" என்று கேட்டோம். தலையைத் தொட்டுக் காட்டினார். கதை தலையில் இருக்கிற வரையில் உத்தியோகமும் இருக்கட்டும் என்றோம். அவருக்குக் கொஞ்சம் மன வருத்தந்தான். வீட்டில் வயதான தாயார் இருக்கிறார். தங்கைக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. ஆகையால், வேண்டாம் என்று சொன்னதோடு நில்லாமல், வேறு வழியும் சொல்லுவது நமது கடமையாயிற்று.

செங்கற்பட்டு இந்தத் தொழிலுக்குப் புதிய ஊரல்ல. 'இளங்கோவன்' என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற வசனகர்த்தா தணிகாசலம் இவ்வூரைச் சேர்ந்தவர்தாம். 'மணிக்கொடி'யில் எழுதிக் கை பழகிய பிறகே அவர் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார் என்பதை இளைஞர்கள் கவனிக்கவேண்டும். அவர் காலத்துக்கு முன்னால் டாக்கி என்றால் பாட்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நாடக மேடையிலிருந்து அப்படியே பெயர்த்து வந்த பேச்சு. 1937-ல் 'அம்பிகாபதி' வந்த பிறகு, வசனத்தைக் கேட்பதற்கென்றே ஜனங்கள் கொட்டகைக்குப் போனார்கள். பின்னால் 'கண்ணகி' (1942) வந்தது. அவர் வசனம் எழுதிய 'ஹரிதாஸ்' (1944) சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 'அம்பிகாபதி'யை டைரக்ட் செய்த எல்லிஸ் டங்கன் அமெரிக்கர்; தமிழ் அறியாதவர். காதல் காட்சிகளுக்கு ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளும்படி இளங்கோவனுக்குச் சொன்னவர் அவரே. பாஷை தெரியாத மனிதருக்கு முன்னால் ஒரு காட்சி நிற்கவேண்டுமானால் அதில் வார்த்தையைத் தவிர வேறு ஏதோ இருக்கவேண்டுமல்லவா? யார் எதை விரும்புகிறார், யார் குறுக்கே நிற்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியவேண்டும். இளங்கோவனைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் அவருடைய அடுக்கு மொழியை மட்டும் பிடித்துக்கொண்டு இந்த அம்சத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

இதைக் கற்றுக்கொள்ள அமெரிக்கா போகவேண்டியதில்லை. மாமல்லபுரம் போனால் போதும். கலங்கரை விளக்கத்துக்கு அருகே மகிஷாசுரமர்த்தனி குகை இருக்கிறது. வடக்குச் சுவரில் தேவி சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை வளைத்து முன்னேறுகிறாள். எதிரே எருமைத் தலையுடைய மகிஷன், கதையை இரு கையாலும் பற்றியபடியே சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கிறான். அவன் இன்னும் தோற்கவில்லை. ஆனால் அந்தச் சாய்விலே தோல்வி ஆரம்பமாகிவிட்டது. அதே மாமல்லபுரத்தில் திரிமூர்த்தி குகைக்குப் போனால், தேவி எருமைத் தலையின்மேல் அமைதியாக நிற்கக் காணலாம். அங்கே யுத்தம் முடிந்துவிட்டது. ஒரே கதை. முடிவைச் செதுக்கியவன் பூஜைக்கு உரிய விக்கிரகம் செய்தான். முடிவுக்கு ஒரு கணம் முந்தியதைச் செதுக்கியவன் காட்சி செய்தான். மகிஷன் குகையின் தெற்குச் சுவரையும் பார்க்கவேண்டும். அங்கே மகாவிஷ்ணு அனந்த சயனத்தில் இருக்கிறார். ஒரு பக்கம் இத்தனை ஆரவாரம், எதிர்ப்பக்கம் உறக்கம். காட்சிகளை அடுத்தடுத்து எப்படி வைக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமக்குக் கிடைக்கவில்லை.

கல்கி அவர்களுக்கு 'சிவகாமியின் சபதம்' தோன்றியதும் இந்தக் கடற்கரையில்தான். ரஸிகமணி டி.கே.சி.யுடன் மணலில் உட்கார்ந்திருந்தபோது மனத்தில் எழுந்த அந்தக் கதை, பல வருஷங்கள் கழித்து 1944-ல்தான் பத்திரிகையில் வெளிவரத் தொடங்கியது. இடையில் அவர் சும்மா இருந்துவிடவில்லை, வாராவாரம் எழுதிக்கொண்டேயிருந்தார்.

நிற்க, பழக்கத்துக்கு வருவோம். உத்தியோகம் பார்க்கிறவர் விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, நாளொன்றுக்கு ஒரு காட்சி எழுதட்டும். ஒரு படத்துக்கு அறுபது எழுபது காட்சிகள் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று மாதத்துக்குள் முதல் பிரதி முடிந்துவிடும். முடிப்பது முக்கியம். மாமல்லபுரத்து ரதங்களிலும் குகைகளிலும் பல அரைகுறையாகவே நிற்கின்றன. பல்லவர்கள் பெரியவர்கள், அவர்கள் நிறுத்திவிட்டுப் போனதையும் உலகம் காசு கொடுத்துப் பார்க்கிறது. நமது இளைஞர்களின் பாதிக் கதையை யார் பார்ப்பார்கள்?

முதல் பிரதி முடிந்தபின் வசனத்தையெல்லாம் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்க்கவேண்டும். கதை புரியாவிட்டால் காட்சி இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். பிறகு வசனத்தை மட்டும் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் உரக்கப் படித்துக் காட்டவேண்டும். பாட்டிக்குக் கொட்டாவி வந்த இடத்தில் பென்ஸிலால் ஒரு கோடு! பேச்சு வழக்கைக் கற்க விரும்புகிறவர்கள் செங்கற்பட்டுக் கோர்ட்டு வாசலில் ஒரு முற்பகல் நிற்கலாம். நிலத்துக்காக வழக்காடும் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பற்றிப் பேசுவதேயில்லை. என்றோ நடந்த கல்யாணத்தில் யார் யாரை வாவென்று அழைக்கவில்லை என்பதைத்தான் பேசுகிறார்கள்.

மேலே சொன்ன மாணவர் இன்னும் ராஜிநாமாக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. எட்டுக் காட்சிகள் எழுதியிருக்கிறார். ஐந்தாவது மட்டும் நன்றாயிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவரைத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் மாமல்லபுரம் புறப்படச் சொல்லியிருக்கிறோம். குகை கிழக்கு நோக்கியது. வெயில் ஏறுமுன் போய்விட்டால் மகிஷனின் முகம் தெளிவாகத் தெரியும்.