மாற்றியமைத்த காரா, மாற்றாத காரா? கார் வாங்கப் போகும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

மாங்கரே மீள்குடியேற்ற நிலையத்திலிருந்து வெளியே வந்து, மனுரேவாவில் ஒரு வாடகை வீட்டை எடுத்து, பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்தபின் எமது குடும்பங்கள் தேடும் அடுத்த பொருள் கார். ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஆனால் வீரியிலோ விமான நிலையப் பக்கத்திலோ இரவு வேலை கிடைத்தவருக்கு அதிகாலையில் வீடு திரும்ப அவை போதா. ஆகவே சேமித்த முதல் சில ஆயிரம் டொலர்களும் காரில்தான் போகின்றன. அந்தப் பணம் வீணாகினால் கூடவே வேலையும் போய்விடலாம். அதனால்தான் இந்த விடயத்தைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

நியூசிலாந்தில் பாவித்த கார்கள் மலிவு. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானில் பாவித்த கார்கள் பெருமளவில் இங்கு இறக்குமதியாகி வருகின்றன. 1998இல் கார்களுக்கான இறக்குமதி வரி நீக்கப்பட்டது. அதே ஆண்டில் உள்நாட்டில் கார் பொருத்தும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. எனவே கிரேட் சவுத் வீதியில் வரிசையாக நிற்கும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிய வண்டிகளே. அவற்றிடையே இரண்டு வகையைக் காணலாம். ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கொரொல்லா, டெமியோ, ஃபிட் போன்றவை. மற்றது, முன்னைய சொந்தக்காரர் தன் விருப்பத்துக்கு மாற்றியமைத்தவை: தாழ்த்திய ஸ்பிறிங், அகன்ற சில்லு, உறுமும் சைலன்சர், பின்னர் பூட்டிய டர்போ. விலை இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கலாம். “அப்பா, இதுதான் வடிவான கார்” என்று மகன் இரண்டாவதைக் காட்டுவான்.

மாற்றியமைத்த வாகனம் எமக்குப் புதிதல்ல. 1990களின் முதற்பாதியில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தைச் செய்த மெக்கானிக்கை ஊரே அறியும். கார் நின்றால் அவரே வந்து பார்ப்பார். இங்கே விற்பனைக்கு நிற்கும் காரை மாற்றியது யார், எப்போது, எப்படி என்று எவருக்கும் தெரியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? கார் மாற்றுவது இங்கு குற்றமல்ல. ஆனால் ஓர் எல்லையைத் தாண்டிய மாற்றத்துக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். எஞ்சினை வேறு வலுக்கூடிய எஞ்சினாக மாற்றுதல், டர்போ சேர்த்தல், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சஸ்பென்ஷன் பூட்டுதல், ஆசனங்களையும் பட்டிகளையும் மாற்றுதல் போன்றவை பொதுவாக இதில் அடங்கும். இதற்கென அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் வண்டியைப் பார்த்து, மாற்றங்களைப் பதிந்த ஒரு சிறு உலோகத் தகட்டைப் பொருத்தச் செய்வார். ‘எல்.வி.வி. பிளேற்’ என்பது அதுதான். பெரும்பாலும் எஞ்சின் அறைக்குள் இருக்கும். விற்பவரிடம் “தகடு எங்கே?” என்று கேளுங்கள். தகட்டில் எழுதியிருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்றும் பாருங்கள். தகடு கிடைத்தபின் வேறு பெரிய மாற்றம் செய்திருந்தால் மீண்டும் சான்றிதழ் பெறவேண்டும். அந்தச் செலவு புதிய சொந்தக்காரரான உங்கள் தலையில்தான் விழும்.

“வோறண்ட் இருக்கிறது, பயமில்லை” என்று விற்பவர் சொல்லலாம். வோறண்ட் ஒவ் பிட்னஸ் என்பது பரிசோதித்த அன்று பிரேக், ரயர், விளக்கு, ஆசனப்பட்டி, துரு முதலியன சரியாக இருந்தன என்பதற்கு மட்டுமே சான்று. எஞ்சினும் கியர்பெட்டியும் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை அது சொல்லாது. வோறண்ட் எடுத்தபின் பழைய ஸ்பிறிங்கைக் கழற்றி வேறு பூட்டியவர்களும் உண்டு. வீதியில் பொலிசார் நிறுத்தி, வண்டி விதிக்கு மாறானது என்று கண்டால் பச்சை ஒட்டியை ஒட்டுவார்கள். புதிய வோறண்ட் எடுக்கும்வரை அதில் வேலைக்குப் போக முடியாது. ஆபத்தானது என்று கண்டால் இளஞ்சிவப்பு ஒட்டி, பிறகு வண்டியை ஓட்டவே கூடாது. வீதிப் பந்தயக்காரரைக் கட்டுப்படுத்த 2003இலும் 2009இலும் சட்டங்கள் கடுமையாக்கப்பட்டன. உங்கள் மகன் பந்தயம் ஓடாதவனாக இருக்கலாம். ஆனால் தாழ்ந்து உறுமும் கார் பொலிசாரின் கண்ணில் முதலில் படும்.

அடுத்தது காப்புறுதி. இங்கு கார்க் காப்புறுதி கட்டாயமில்லை. விபத்தில் உடலுக்கு ஏற்படும் காயத்துக்கு ஏ.சி.சி. உதவும். ஆனால் நீங்கள் மோதிய மற்றவரின் காரை ஏ.சி.சி. திருத்தித் தராது. காப்புறுதி இல்லாவிட்டால் அந்தக் கடனைப் பல வருடங்கள் கட்ட நேரலாம். ஆகவே குறைந்தபட்சம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது எடுங்கள். காப்புறுதி எடுக்கும்போது மாற்றங்கள் எல்லாவற்றையும் எழுத்தில் சொல்லுங்கள். மறைத்தால் நட்டஈடு மறுக்கப்படலாம். சொன்னால் கட்டணம் கூடலாம், சில கம்பனிகள் ஏற்காமலும் விடலாம். ஓட்டுபவர் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவரானால் செலவு மேலும் ஏறும். எனவே காரை வாங்குமுன்பே தொலைபேசியில் காப்புறுதித் தொகையைக் கேட்டு வையுங்கள். மலிவாகத் தெரிந்த கார் அப்போதே விலை கூடிவிடும்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதும் முக்கியம். பதிவுபெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால் 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் உங்களுக்குத் துணை. பிணக்கு வந்தால் மோட்டார் வாகனப் பிணக்குகள் மன்றத்துக்குப் போகலாம். தனியாரிடம் வாங்கினால் அந்தச் சட்டம் பொருந்தாது. விற்பவர் பொய் சொல்லி விற்றார் என்று நீங்கள்தான் காட்டவேண்டும். ‘அஸ் இஸ் வெயர் இஸ்’ என்றால் உள்ளது உள்ளபடி, வோறண்ட் இல்லாமல்கூட விற்கிறோம் என்று பொருள். ஆங்கிலம் விளங்காமல் அதில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

பணம் கொடுக்குமுன்:

1. பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மழையில் துரு, கீறல், பூசிய இடம் தெரியாது.

2. இலக்கத் தகட்டு எண்ணைக் கொண்டு பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சொந்தக்காரரின் கடனுக்காகக் கடன் கொடுத்த நிறுவனம் உங்கள் காரைத் தூக்கிப் போகலாம்.

3. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத கராஜ் ஒன்றில் கட்டணம் செலுத்திப் பரிசோதியுங்கள்.

4. சேவைப் புத்தகத்தைக் கேளுங்கள். ஓடிய தூரம் அதனுடன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

5. கழற்றிய பழைய பாகங்கள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். பின்னர் பழைய நிலைக்குக் கொண்டுவர உதவும்.

6. வாங்கிய உடனேயே சொந்தக்காரர் மாற்றத்தைப் பதியுங்கள்.

எல்லா மாற்றமும் தீயதல்ல. போரில் கால் இழந்தவர் கையால் இயக்கும் பிரேக்கும், சக்கரநாற்காலி ஏற்றும் வசதியும் மாற்றங்களே. அவை ஒரு மனிதருக்கு மீண்டும் நடமாட்டத்தைத் தருகின்றன. அவ்வாறான வண்டியை வாங்கும்போதும் தகட்டையும் பத்திரத்தையும் கேட்பது நல்லது. ஒழுங்கான சான்றிதழும் பற்றுச்சீட்டுகளும் உள்ள மாற்றியமைத்த கார், கவனிக்காமல் விட்ட சாதாரண காரிலும் மேலானதாக இருக்கவும் கூடும்.

எனினும் முதற் கார் வாங்கும் குடும்பத்துக்கு எமது ஆலோசனை ஒன்றே: மாற்றாத காரை வாங்குங்கள். அதன் பாகம் எந்தக் கராஜிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் திருத்துவார், காப்புறுதி எடுப்பது இலகு, விற்கும்போதும் ஆள் வரும். மகனின் ஆசையை மறுக்கவேண்டியதில்லை. அவன் உழைத்து, தன் பெயரில், தன் காப்புறுதியுடன் வாங்கட்டும். வீட்டுக்கு முதலில் தேவை, அதிகாலை நான்கு மணிக்குத் திறப்பைத் திருப்பினால் தவறாமல் ஸ்ராட் ஆகும் ஒரு கார்.