மாட்டின் லட்சணத்தை ஏட்டில் ஏற்றியவர்

பொம்மிடி: சந்தையில் மாடு பிடிக்கப் போனால், அனுபவசாலி முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார். பிறகு சுழி, திமில், கொம்பு, கால் குளம்பு, நடை எல்லாம் பார்த்து விலை பேசுவார். தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த இந்த அறிவின் ஒரு பகுதியை ஏட்டில் ஏற்றியவர்களில் ஒருவர், ஆங்கிலேயக் கால்நடை அதிகாரி ஆர்.டபிள்யூ. லிட்டில்வுட்.

சென்னை மாகாண வேளாண் துறையின் கால்நடைப் பிரிவில் பணியாற்றிய இவர், ஓசூர் கால்நடைப் பண்ணையையும் நிர்வகித்தார். ராணுவத்துக்குக் குதிரை வளர்த்த இடம் அது; பின்னாளில் மாட்டுப் பண்ணையானது. தென்னிந்திய மாடுகள் பற்றி கன் என்ற அதிகாரி 1909ல் எழுதியிருந்தார். அதற்குப் பின் லிட்டில்வுட் எழுதிய 'தென்னிந்தியக் கால்நடைகள்' நூல் 1936ல் வெளியானது. நாட்டு மாட்டினங்களை ஆராய்பவர்கள் இன்றும் இதை மேற்கோள் காட்டுகின்றனர்.

நம் மாவட்டத்துக்கு இதில் தனி அக்கறை உண்டு. காவிரிக் கரை ஊரான ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிய மாடு, பென்னாகரம் பகுதியின் சொத்து. கருஞ்சாம்பல் நிறம், முன் தள்ளிய நெற்றி, பின்னோக்கி வளைந்த கொம்பு, உரமான கால்கள் ஆகியவை இதன் அடையாளம். மைசூர்ப் பக்கத்து ஹள்ளிகர் மாட்டை ஒத்தது. பால் குறைவு, ஏர், வண்டி இழுப்பதில் கெட்டி. காட்டில் பட்டி போட்டு மேய்த்தே வளர்த்தார்கள்.

டிராக்டர் வந்தது, காட்டு மேய்ச்சல் சுருங்கியது, பாலுக்காகக் கலப்பினம் பெருகியது. பட்டிகள் குறைந்தன. இனத்தின் லட்சணம் எழுத்தில் இருப்பதால்தான், மிஞ்சியிருக்கும் மாடுகளில் எது ஆலம்பாடி, எது கலப்பு என்று ஒப்பிட முடிகிறது. காரிமங்கலத்தில் ஆலம்பாடி மாட்டின ஆராய்ச்சி மையம் இப்போது இந்த இனத்தைக் காக்கும் வேலையில் இருக்கிறது.

காங்கேயம் மாடு நிலைத்ததற்குப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததும் ஒரு காரணம். சிறு விவசாயியும் தன் அளவில் இதைச் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கன்று பிறந்த தேதி, தாய் எது, எந்தக் காளைக்குப் பிறந்தது, எத்தனை மாத இடைவெளியில் பசு ஈனுகிறது, நோய் எப்போது வந்தது ஆகியவற்றை எழுதி வையுங்கள். நல்ல காளைக் கன்றைச் சந்தைக்கு ஓட்டும் முன், அந்த ஏட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். விற்றுவிட்டால் அந்த வம்சம் திரும்பாது.