புளியரை ஏற்றத்தில் புது லாரி

தென்காசியிலிருந்து இலஞ்சி, செங்கோட்டை வழியாகப் புளியரை வரைக்கும் சாலை வண்டியை அதிகம் சோதிப்பதில்லை. அதைத் தாண்டி எஸ் வளைவில் ஏறத் தொடங்கினால் கதை வேறு. கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையில் கேரளத்துக்குச் சரக்கு இழுக்கும் டிரெய்லர் லாரிகளுக்கு இந்த ஏற்றம்தான் முதல் பரீட்சை. மலையேறும் ரயிலுக்குப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு இன்ஜின் மாட்டுவார்கள். லாரிக்கு அந்தச் சலுகை கிடையாது. காலியாக ஓடும்போது தெரியாத கோளாறு, பாரத்தோடு மேட்டில் இழுக்கும்போது வெளியே வந்துவிடும்.

புது வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்குக்குப் பாதி வேலைகூட ஆகாது. அது எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் குரல் மாறினால் டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன் பொருத்தத்தைச் சந்தேகிக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமி, வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். வண்டி நகரும் நொடியிலும் பிரேக் பிடிக்கும் நொடியிலும் ‘டக்’ என்று ஓர் அடி விழுந்தால், டிரெய்லரை இணைக்கும் கிங்பின்னும் அதைப் பிடிக்கும் பூட்டும் தளர்வாக இருக்கலாம். ஜாயிண்ட் ஷாஃப்டின் கிராஸிலும் இப்படி வரும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு முன்வண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்தால் சந்தேகம் பாதி குறையும். ஆனால் பாரம் இல்லாததாலேயே சில சத்தங்கள் அடங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

டாக்கோமீட்டர் முள் ஏற, வேகம் ஏறாமல் கருகல் வாடை வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. தகடு மட்டமானது என்று உடனே முடிவுகட்டத் தேவையில்லை. கொண்டை ஊசி வளைவில் அரை கிளட்ச்சில் வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பழக்கம், பெடலின் ஃப்ரீ பிளே சரியாக வைக்கப்படாதது, இரண்டில் எதுவும் காரணமாகலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 வண்டிகள் வந்தபின் பழைய அடையாளம் ஒன்று கைவிட்டுப் போனது. டர்போ ஹோஸின் கிளிப் தளர்ந்து காற்று கசிந்தால் முன்பு கரும்புகை காட்டிக்கொடுக்கும். இப்போது சைலன்சர் பக்கத்து வடிகட்டி அந்தக் கரியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதனால் இழுக்கும்போது மட்டும் கேட்கும் ‘உஸ்’ ஒலியையும், அடிக்கடி எரியும் வடிகட்டி விளக்கையும்தான் கவனிக்க வேண்டும். புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் 32.5 சதவீத யூரியா கரைசலில் தண்ணீர் கலந்திருந்தால், விளக்கு எரிந்து, பிறகு கணினியே இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். ‘இழுவை இல்லை’ என்றதும் இன்ஜினைப் பிரிக்கக் கிளம்பாமல், முதலில் கோளாறு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றினால் சில பதிவுகள் அழிந்துபோகக்கூடும்.

சூட்டைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்துச் சாரல் காலம் ஏமாற்றக்கூடியது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாயைப் பிய்த்துக்கொண்டு வரும் காற்று, மேற்கே ஏறும் வண்டியின் ரேடியேட்டரில் நேராக மோதும். ஃபேன் சரியாகச் சுற்றாவிட்டாலும் சூடு காட்டும் முள் அசையாது. அதே வண்டி பங்குனி மதியத்தில் பாதி ஏற்றத்திலேயே கொதித்து நிற்கும். எனவே சாரலில் வாங்கிய வண்டியின் குளிரூட்டும் அமைப்பைக் கோடையில் ஒருமுறை பாரத்தோடு பார்த்த பிறகே நம்பலாம்.

இறக்கம் இன்னொரு சோதனை. கேரளத்திலிருந்து திரும்பிப் புளியரை அடிவாரத்தில் நிறுத்தியதும், ஒவ்வொரு வீல் ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். தொடக் கூடாது, சுட்டுவிடும். எல்லாம் சூடாக இருப்பது இயல்பு. ஒன்று மட்டும் அதிகமாகத் தகித்தால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் இறுக்கம். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதைவிட மோசம்: அந்தச் சக்கரத்தில் பிரேக்கே பிடிக்கவில்லை, அதன் பங்கையும் மற்றவை சுமக்கின்றன.

புது வண்டியின் வீல் நட்டுகள் முதல் ஓட்டத்தில் சற்றுத் தளரும். மறுபடி முறுக்குவது கட்டாயம். முதல் சர்வீஸில் கியர்பாக்ஸின் காந்த பிளக்கைத் துடைக்கும்போது உடனிருப்பது நல்லது. மை போன்ற சாம்பல்நிறப் பசை, பற்கள் ஒன்றோடொன்று படிவதால் வருவது. விரலில் குத்தும் உலோகச் செதில் வந்தால் வண்டியை வெளியே எடுக்காமல் பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் கிலோமீட்டர், கியர், பாரம் சகிதம் அவ்வப்போது எழுதிவைப்பது வாரண்டிக்கு உதவும். அளவுக்கு மேல் ஏற்றியதாகக் காரணம் காட்டி நிறுவனம் கோரிக்கையை மறுக்க இடமுண்டு என்பதால், அந்தந்த லோடின் எடைமேடைச் சீட்டையும் அதே நோட்டில் ஒட்டிவைக்க வேண்டும்.