12 சிலிண்டர் போச்சு, பேட்டரி வந்தாச்சு: பென்ட்லி கான்டினென்டல் ஜிடி, பழசும் புதுசும்

இன்னைக்கு நாம பேசப்போற கார், நம்மில் அநேகம் பேர் வாங்கப் போறதே இல்லாத ஒரு கார். பென்ட்லி கான்டினென்டல் ஜிடி. அப்புறம் எதுக்கு இதைப் பத்தி அரை மணி நேரம் பேசணும்னு கேட்டா, காரணம் இருக்கு. கடைசியில சொல்றேன்.

ஒரு நேயர் அனுப்பியிருந்த கேள்விதான் இந்த எபிசோடுக்கு ஆரம்பம். "12 சிலிண்டர் இன்ஜினைத் தூக்கிட்டு 8 சிலிண்டரும் ஒரு பேட்டரியும் வச்சிருக்காங்க. வண்டி எடையும் ஏறிப்போச்சு. இதை எப்படி முன்னேற்றம்னு சொல்றது?" நியாயமான கேள்வி. ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன்: இந்த ரெண்டு வண்டியையும் நான் ஓட்டினதில்லை. கம்பெனி வெளியிட்ட அளவுகளையும், உள்ளே இருக்கிற பொறியியலையும் வச்சுத்தான் பேசறேன். ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அதுவே போதும்னு நினைக்கிறேன்.

முதல்ல, ஜிடின்னா என்ன?

கிராண்ட் டூரிங் அல்லது இத்தாலியில சொல்ற மாதிரி கிரான் டூரிஸ்மோ. நேரடியா சொன்னா 'பெரும் பயணம்'. ரேஸ் டிராக்குக்கான கார் இல்லை இது. பின்சீட்ல முதலாளி உட்கார, டிரைவர் ஓட்டற லிமோசினும் இல்லை. ரெண்டு பேர், அவங்க பெட்டிகள், ஒரு நீண்ட தூரம். போய் இறங்கும்போது அலுப்பு தெரியக்கூடாது. இதுதான் அந்த வகை காரோட வேலை.

லண்டன்ல கிளம்பி கடலைக் கடந்து, பிரான்ஸ் முழுக்க ஓட்டி, தெற்கே நீஸ் வரைக்கும் போறதுன்னா சுமார் 1,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பி வர்ற தூரம்னு வச்சுக்கோங்க. 1952-ல வந்த பென்ட்லி ஆர்-டைப் கான்டினென்டல் இந்த மாதிரிப் பயணத்துக்குத்தான் செய்யப்பட்டது. 'கான்டினென்டல்'ங்கிற பெயரிலேயே அந்த ஐரோப்பாக் கண்டம் இருக்கு. ஃபோக்ஸ்வாகன் கைக்கு பென்ட்லி போன பிறகு, 2003-ல அந்தப் பெயரோட கான்டினென்டல் ஜிடி வந்துச்சு. 2017-ல மூன்றாம் தலைமுறை. 2024 ஜூன்ல நான்காம் தலைமுறை.

நான் இன்னைக்கு ஒப்பிடப் போறது ரெண்டு 'ஸ்பீட்' மாடலை. 2021-ல வந்த டபிள்யூ12 இன்ஜின் ஸ்பீட் ஒண்ணு. 2024-ல வந்த ஹைப்ரிட் ஸ்பீட் இன்னொண்ணு.

ஜிடின்னா பயணம்னு ஒத்துக்கிட்டோம்னா, கேட்க வேண்டிய கேள்விகள் நாலுதான். எவ்வளவு அமைதியா, அலட்டாம இழுக்குது? உடம்பை எவ்வளவு அலுக்காம வச்சுக்குது? ஒரு தடவை டேங்க் நிரப்பினா எவ்வளவு தூரம் போகும்? எவ்வளவு சாமான் ஏத்தலாம்? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

இன்ஜின்: எண்ணிக்கை குறைஞ்சது, இழுவை கூடிச்சு

பழைய வண்டியில 6 லிட்டர், 12 சிலிண்டர், ரெண்டு டர்போ. டபிள்யூன்னு ஏன் பேர்? குறுகலான கோணத்துல அடுக்கின ரெண்டு ஆறு சிலிண்டர் இன்ஜினை ஒரே கிராங்க் ஷாஃப்ட்ல பக்கத்துல பக்கத்துல சாய்ச்சு வச்ச மாதிரி அமைப்பு. அதனால 12 சிலிண்டர் இருந்தாலும் நீளம் குட்டை. சாதாரண வி12-ஐ விட ரொம்பவே அடக்கம்.

ஏன் 12 சிலிண்டருக்கு இவ்வளவு மவுசு? ஒரு சிலிண்டர், கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு தடவைதான் எரியும். அப்போ 12 சிலிண்டர்னா ஒரு சுத்துக்கு 6 உந்துதல். 8 சிலிண்டர்னா 4. உந்துதல்கள் எவ்வளவு நெருக்கமா வருதோ, அவ்வளவு வழவழன்னு ஓடும். பணக்காரங்க 12 சிலிண்டருக்குக் காசு கொடுத்தது வெறும் வேகத்துக்காக இல்லை, இந்த வழவழப்புக்காக.

அந்த டபிள்யூ12 கொடுத்தது 659 குதிரைத்திறன், 900 நியூட்டன் மீட்டர் இழுவை. 0-விலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 3.6 விநாடி. இங்கிலாந்துல க்ரூ நகரத்து ஆலையில ஒரு லட்சத்துக்கு மேல இந்த இன்ஜின் செஞ்சாங்க. 2024-ல நிறுத்திட்டாங்க. முக்கியமான காரணம் புகை விதிகள். ஒரு கிலோமீட்டருக்கு 300 கிராமுக்கு மேல கார்பன் டை ஆக்ஸைடு விடற இன்ஜினை வச்சுக்கிட்டு ஐரோப்பாவுல இனிமே காலம் தள்ள முடியாது.

புதுசுல 4 லிட்டர் வி8. அது மட்டும் 600 குதிரைத்திறன். கியர்பாக்ஸுக்குள்ள 190 குதிரைத்திறன் மின் மோட்டார் ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து 782 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர். 100-ஐத் தொட 3.2 விநாடி. உச்ச வேகம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், 335 கிலோமீட்டர்.

இந்த 0.4 விநாடி வித்தியாசத்தை விடுங்க. நீஸ் போறவருக்கு அதனால ஒரு லாபமும் இல்லை. முக்கியம் வேற. டர்போ இன்ஜின்ல ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா, டர்போ சுத்தி எழுந்து காத்தைத் தள்ற வரைக்கும் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். மின் மோட்டாருக்குத் தயக்கம்னா என்னன்னே தெரியாது. மிதிச்ச நொடியே முழு இழுவை. டர்போ எழுந்திருக்கிற வரைக்கும் மோட்டார் அந்த இடைவெளியை நிரப்பிடும். மோட்டாருக்கு எரியுறதும் இல்லை, உந்துதல் எண்ணிக்கையும் இல்லை. அதனால 12 சிலிண்டர் தேடின வழவழப்பு, மெதுவா போகும்போது, இதுல அதிகமாவே கிடைக்கும். 81 கிலோமீட்டர் வரைக்கும் பெட்ரோலே இல்லாம, 140 வேகம் வரைக்கும் மின்சாரத்துலயே போகலாம்னு அதிகாரபூர்வ அளவு. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினா தெருவுல நாய்கூட எழுந்திருக்காது.

ஆனா காலை அழுத்தி ஓட்டும்போது வி8-ன் உறுமல்தான் கேட்கும். டபிள்யூ12-ன் அந்த அடங்கின, ஒரே சீரான இழுப்பு ஒரு தனி சுகம். அது போனது போனதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

எடை: மூணு பேர் எப்பவும் கூடவே

இப்போ நேயரோட கவலைக்கு வருவோம். பழைய ஸ்பீட் சுமார் 2,270 கிலோ. புதுசு 2,459 கிலோ. கிட்டத்தட்ட 190 கிலோ அதிகம். மூணு பெரியவங்க இறங்காம எப்பவும் உள்ளேயே உட்கார்ந்து வர்ற மாதிரி. டயர் தேயும், பிரேக்குக்கு வேலை கூடும். இதுல வாதமே இல்லை.

ஆனா எடை எவ்வளவுங்கிறதை விட, எங்கே இருக்குங்கிறது இன்னொரு கேள்வி. டபிள்யூ12 மூக்குல கனம். புது வண்டியில 25.9 கிலோவாட் அவர் பேட்டரியைப் பின் அச்சுக்குப் பின்னாடி வச்சிருக்காங்க. அதனால மொத்த எடையில 49 பங்கு முன்னாடி, 51 பங்கு பின்னாடி. நல்லெண்ணெய் டின்னை ஒரு கையில மட்டும் தூக்கிட்டு நடந்து பாருங்க. அதே எடையை ரெண்டு கைக்கும் பிரிச்சுத் தூக்கிப் பாருங்க. தூக்கற எடை ஒண்ணுதான், ஆனா நடை வேற. அந்த மாதிரி.

சஸ்பென்ஷன்லயும் ஒரு நல்ல மாற்றம். ரெண்டுலயும் காத்து ஸ்பிரிங் இருக்கு. வளைவுல வண்டி சாயாம தாங்கிப் பிடிக்க 48 வோல்ட் மோட்டாரும் ரெண்டுலயும் இருக்கு. புதுசுல ஷாக் அப்சார்பருக்கு ரெண்டு வால்வு. சக்கரம் மேட்டுல ஏறும்போது ஒரு வால்வு வேலை செய்யும், பள்ளத்துல இறங்கும்போது இன்னொண்ணு. ஒரே வால்வு இருந்தா, சாயாம இருக்கணும்னு இறுக்கினா பள்ளமும் முதுகுல அடிக்கும். ரெண்டையும் பிரிச்சுட்டா, வண்டியை இறுக்கமாவும் வச்சுக்கலாம், முதுகையும் காப்பாத்தலாம். 1,400 கிலோமீட்டர் ஓட்டறவருக்கு இதுதான் நிஜமான லாபம்.

டேங்க்: இங்கே கொஞ்சம் கணக்கு போடணும்

புது வண்டி ஒரு கிலோமீட்டருக்கு வெறும் 29 கிராம் கார்பன் டை ஆக்ஸைடுதான் விடுதுன்னு அதிகாரபூர்வ எண் சொல்லுது. 300-க்கு மேலிருந்து 29. மாயம் மாதிரி இருக்கு இல்ல? மாயம் எதுவும் இல்லை. சார்ஜ் போடற பிளக்-இன் ஹைப்ரிட்டுக்குச் சோதனை முறையே அப்படி. பேட்டரியில ஓடற தூரத்துக்குப் பெரிய பங்கு கொடுத்து சராசரி எடுப்பாங்க. தினமும் வீட்டுல சார்ஜ் போட்டு ஊருக்குள்ள ஓட்டறவருக்கு அந்த எண் ஓரளவு பொருந்தும்.

பேட்டரி தீர்ந்த பிறகு என்ன? அதுக்கும் அதிகாரபூர்வ அளவு இருக்கு: 100 கிலோமீட்டருக்கு 10.3 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. அப்போ கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 237 கிராம். இதுதான் நீண்ட பயணத்தோட எண். 29 இல்லை.

இருந்தாலும் பழசு 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டரை ஒட்டிக் குடிச்சது. அதோட 90 லிட்டர் டேங்குக்கு சுமார் 640 கிலோமீட்டர். புதுசுக்கு டேங்கும் பேட்டரியும் சேர்த்து 859 கிலோமீட்டர். டேங்க் சின்னது, தூரம் அதிகம். பிரான்ஸ்ல ஒரு பங்க்ல நிக்கறது மிச்சம்.

ஒரு குறை: வழியில நின்னு வேகமா சார்ஜ் ஏத்தற வசதி இல்லை. 11 கிலோவாட்டுல ஏத்தினா மூணு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ராத்திரி தங்கற இடத்துல போட்டுக்க வேண்டியதுதான்.

டிக்கி: இங்கேதான் இடறுது

சிஎன்ஜி வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு இந்தக் கதை தெரியும். மைலேஜ் கிடைச்சுது, டிக்கி போச்சு. ஊருக்குப் போகும்போது பெட்டியை மடியில வச்சுக்கிட்டுப் போகணும்.

பென்ட்லியிலயும் அதேதான் நடந்திருக்கு. பழைய வண்டியோட டிக்கி 358 லிட்டர். புதுசு 260 லிட்டர். பேட்டரியை அங்கே வச்சதாலதான் எடை சமமாச்சு. அதே காரணத்தாலதான் 98 லிட்டர் போச்சு. ஒப்பிட்டுச் சொல்லணும்னா, நம்ம ஊர்ல ஓடற 2024 ஸ்விஃப்ட்டோட டிக்கி 265 லிட்டர். பேருலயே பயணம் இருக்கிற வண்டிக்கு, ஸ்விஃப்ட்டை விடச் சின்ன டிக்கி. பின்சீட்ல பையைப் போட்டுக்கலாம்தான். ஆனா அது சமாளிப்பு, தீர்வு இல்லை.

அப்போ என்ன தீர்ப்பு?

நாலு கேள்வியில மூணுக்குப் புதுசுதான் ஜெயிக்குது. அமைதி, உடம்பு அலுப்பு, தூரம். நாலாவது, சாமான், அதுல தெளிவா தோல்வி.

கேள்வி அனுப்பின நேயருக்கு என் பதில் இது: 12-லிருந்து 8 ஆனது இறக்கம் இல்லை. சிலிண்டர் ஒரு வழிதான், போற இடம் இல்லை. அந்த 12 சிலிண்டர் எதுக்காக இருந்துச்சோ அந்த வேலையை, அழுத்தி ஓட்டாத நேரத்துல, மோட்டார் இன்னும் நல்லாவே செய்யுது. நீங்க கோபப்பட வேண்டிய இடம் இன்ஜின் இல்லை, டிக்கி.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. 1952 ஆர்-டைப் வண்டிகள் இன்னும் ஓடுது. ஒரு நல்ல மெக்கானிக் கையில அந்த இன்ஜினைத் திரும்பத் திரும்பப் பிரிச்சுப் பூட்டலாம். இந்த மாதிரிக் கார்களைப் பேரன் காலம் வரைக்கும் வச்சுக்கத்தான் வாங்கறாங்க. பேட்டரிக்கு வயசாகும், மென்பொருளுக்கும் வயசாகும். டபிள்யூ12-ம் எளிமையான இன்ஜின் இல்லை, ஒத்துக்கறேன். ஆனா 30 வருஷம் கழிச்சு அதுக்குத் தேவைப்படறது பாகமும் பொறுமையும். புதுசுக்குத் தேவைப்படப் போறது ஒரு புதுப் பேட்டரி. அந்த ரெண்டும் ஒண்ணு இல்லை.

சரி, ஆரம்பத்துல விட்ட கேள்வி. நாம வாங்காத காரைப் பத்தி ஏன் பேசினோம்? ஏன்னா இதே வியாபாரம் நம்ம வண்டியிலயும் நடக்குது. ஹைப்ரிட், சிஎன்ஜி, எலக்ட்ரிக், எதுவானாலும் ஒண்ணு கொடுத்து ஒண்ணு வாங்கிப்பாங்க. புது மாடல் வந்ததும் ஷோரூம்ல குதிரைத்திறனையும் ஸ்கிரீன் அளவையும்தான் காட்டுவாங்க. நீங்க வீட்டுல ஒரு பேப்பர் எடுத்து, உங்க காரை எதுக்காக வாங்கினீங்கன்னு நாலே வரி எழுதுங்க. அந்த நாலு வரியில எது கூடிச்சு, எது குறைஞ்சுதுன்னு மட்டும் பாருங்க. டிக்கியைத் திறந்து பார்க்க மறக்காதீங்க. முடிஞ்சா ஊருக்குப் போற பெட்டியையே எடுத்துட்டுப் போய் வச்சுப் பாருங்க. சேல்ஸ்மேன் சிரிச்சா சிரிக்கட்டும்.

உங்க வண்டியோட பழசு, புதுசு அனுபவத்தை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.