சூப்பர்சார்ஜர் காரின் உள்ளிழு குழாயும் காற்றோட்ட அளவியும்

சூப்பர்சார்ஜர் என்பது, எஞ்சினின் சுழல் தண்டிலிருந்து பெல்ட் வழியாக ஆற்றலைப் பெற்று, வெளிக்காற்றை அழுத்திச் சிலிண்டர்களுக்குள் செலுத்தும் கருவியாகும். காற்று வடிகட்டியிலிருந்து இக்கருவிக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய் உள்ளிழு குழாய் எனப்படும். அக்குழாயில் பொருத்தப்பட்டு, எவ்வளவு காற்று செல்கிறது என்று எஞ்சின் கணினிக்குத் தெரிவிப்பது காற்றோட்ட அளவி (ஏர்ஃப்ளோ மீட்டர்). இவ்விரண்டின் அளவையும் தேர்ந்தெடுப்பதில் எஞ்சினின் கொள்ளளவைப் போலவே, கார் ஓடும் ஊரின் உயரமும் கணக்கில் வருகிறது. நீலகிரி மாவட்டம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

உயரமும் காற்றின் அடர்த்தியும்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர். அதனை அடுத்த இத்தலார், எமரால்டு போன்ற ஊர்கள் 2,000 மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ அமைந்தவை. மேட்டுப்பாளையத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 97 கிலோபாஸ்கல் என்றால், உதகையில் அது 77 ஆகக் குறைந்துவிடுகிறது. மலையின் குளிர் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. 35 பாகை செல்சியசில் மேட்டுப்பாளையத்துக் காற்று ஒரு கன மீட்டருக்கு 1.10 கிலோகிராம் எடையிருக்கும். 15 பாகையில் உதகைக் காற்று 0.93 கிலோகிராம். அதாவது அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும், எடை சுமார் 15 விழுக்காடே குறைகிறது.

கார்புரேட்டர் காலத்து வண்டிகள் மலையேறும்போது கரும்புகை கக்கியதற்கு இதுவே காரணம். காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாததால் கலவை செறிந்துவிடும்.

டர்போசார்ஜர், கழிவு வளி வால்வின் கட்டுப்பாட்டில், மலையில் கூடுதலாகச் சுழன்று இழந்த அழுத்தத்தைப் பெரிதும் மீட்டுவிடும். பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜருக்கு அது இயலாது. அதன் வேகம் எஞ்சின் வேகத்தோடு பிணைக்கப்பட்டது. ஒரு சுற்றுக்கு அது இழுக்கும் கன அளவு எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் கன அளவுக்குள் இருக்கும் காற்றின் எடைதான் மாறுகிறது.

ஒரு கணக்கு

1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 6,000 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே காற்றை இழுப்பதால், நிமிடத்திற்கு 4,800 லிட்டர். நிரப்புத் திறன் 90 விழுக்காடு எனில் நொடிக்கு 72 லிட்டர். சூப்பர்சார்ஜர் 1.5 மடங்கு அழுத்தி, இன்டர்கூலர் குளிர்வித்த பின் அடர்த்தி 1.35 மடங்கு ஆகிறது என்றால், உள்ளிழு குழாயில் நொடிக்கு 97 லிட்டர் காற்று பாயும்.

அந்தக் காற்று 51 மி.மீ. உள்விட்டக் குழாயில் நொடிக்கு 48 மீட்டர் வேகத்தில் ஓடும், 63 மி.மீ. குழாயில் 31 மீட்டர், 76 மி.மீ. குழாயில் 21 மீட்டர். அழுத்த இழப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். இரண்டு வளைவுகள் கொண்ட குழாயில் 51 மி.மீ. அளவு ஏறத்தாழ 2 கிலோபாஸ்கலை விழுங்கும், 63 மி.மீ. ஒன்றுக்கும் குறைவு, 76 மி.மீ. அரைக்கும் குறைவு. சூப்பர்சார்ஜருக்கு முன் இழக்கும் ஒவ்வொரு கிலோபாஸ்கலும் அதன் பின்பக்கத்தில் ஒன்றரையாகப் பெருகுவதால், முன்பக்கக் குழாயை நெருக்குவது வீண். அதற்காக 63-இலிருந்து 76-க்குப் போவதால் கிடைப்பது அரை கிலோபாஸ்கல்கூட இல்லை. இந்த எஞ்சினுக்கு 63 முதல் 70 மி.மீ. போதுமானது. எஞ்சின் அறையின் வெப்பக் காற்றை இழுக்காதபடி வடிகட்டியை முகப்பு விளக்குக்குப் பின்னால் வைப்பது இதைவிடப் பயன் தரும். 10 பாகை வெப்பம் கூடினால் அடர்த்தி 3 விழுக்காடு குறையும்.

அளவியின் வகையும் வரம்பும்

1970களில் பாஷ் நிறுவனம் எல்-ஜெட்ரானிக் முறையில் பயன்படுத்திய கதவு வகை அளவி, காற்றின் தள்ளலால் ஒரு மடலைத் திறந்து அளந்தது. அது எடையை நேரடியாக அளக்காததால், மலைக்கும் சமவெளிக்கும் தனித் திருத்தம் தேவைப்பட்டது. பின்னர் வந்த சூடான கம்பி, சூடான படல அளவிகளில், ஓர் உறுப்பைக் காற்றைவிட வெப்பமாக வைத்திருக்க வேண்டிய மின்சாரமே அளவாகிறது. காற்றின் எடைக்கு ஏற்ப அது குளிர்வதால், உயரத் திருத்தம் தானாகவே அமைந்துவிடுகிறது.

பாஷின் படல அளவிகள் மணிக்கு 370, 480, 640, 850 கிலோகிராம் எனப் பல வரம்புகளில் உள்ளன. மேலே கண்ட எஞ்சின் உதகையில் முழு வேகத்தில் மணிக்கு 325 கிலோகிராம் காற்றை இழுக்கும், மேட்டுப்பாளையத்தில் 385, சென்னையில் 400-ஐத் தாண்டும். இத்தலாரில் சோதித்துப் பார்த்து 370 வரம்புள்ள அளவி போதும் என்று முடிவுசெய்தவர், மலையிறங்கிச் சமவெளிச் சாலையில் முழுவதும் மிதிக்கும்போது அளவி உச்சத்தில் நின்றுவிடும். உண்மையில் வரும் காற்றைக் கணினி அறியாது, பெட்ரோல் குறையும், அழுத்தத்தின் கீழ் வெடித்தட்டல் ஏற்பட்டுப் பிஸ்டன் உடையக்கூடும். மலையில் ஒரு அறிகுறியும் தென்படாது என்பதே இதில் உள்ள ஆபத்து. எனவே அளவியைக் கார் செல்லக்கூடிய மிகத் தாழ்ந்த, குளிர்ந்த இடத்துக்குக் கணக்கிட வேண்டும்.

மிகப் பெரிய அளவியும் சரியல்ல. வெறுமனே ஓடும்போது இந்த எஞ்சினுக்கு மணிக்கு ஏறத்தாழ 10 கிலோகிராம் காற்றே தேவை. 850 வரம்புள்ள அளவி அவ்வளவு சிறிய ஓட்டத்தைத் துல்லியமாக உணராததால் எஞ்சின் தள்ளாடும். 480 வரம்பு இங்கே பொருந்தும்.

பொருத்தும் முறை

அளவியின் உணரியைக் கழற்றி வேறு விட்டமுள்ள குழாயில் செருகுவது பரவலாகக் காணப்படும் தவறு. உணரி தன்னைத் தொடும் காற்றை மட்டுமே அறியும். 63-இலிருந்து 70 மி.மீ.க்கு மாறினால் பரப்பு 23 விழுக்காடு கூடி, அளவு 19 விழுக்காடு குறைவாகக் காட்டும். கணினியில் அட்டவணையை மாற்றியெழுதாமல் இதைச் செய்யக்கூடாது; முழு வேகத்தில் பழைய கணினிகள் பெரும்பாலும் ஆக்சிஜன் உணரியைப் பார்ப்பதில்லை.

அளவிக்கு முன்னால் நேரான குழாய் இருக்க வேண்டும். வளைவை ஒட்டி வைத்தால் காற்று ஒருபக்கமாக ஓடி அளவு பிழைக்கும். மிதியை விடும்போது திறக்கும் மாற்றுவழி வால்வு, காற்றை அளவிக்கும் சூப்பர்சார்ஜருக்கும் இடையே திருப்பிவிட வேண்டும். வெளியே விட்டால், கணக்கிட்ட காற்று சிலிண்டருக்கு வராமல் கலவை செறிந்துவிடும். எண்ணெய் தடவிய வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தால் படலத்தில் படிந்து அளவு குறையும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆகவே பின்னர் பொருத்தும் சூப்பர்சார்ஜர் பந்தயத் தளத்துக்கே உரியது. நீலகிரிக்கு அருகில் அத்தகைய தளம் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. மெர்சிடிஸ் பென்ஸ் சி 200 கொம்ப்ரசர் போன்று தொழிற்சாலையிலேயே சூப்பர்சார்ஜருடன் வந்த கார்களுக்கு இத்தடை பொருந்தாது. அவற்றில் அளவி பழுதானால், அதே வரம்பும் அதே விட்டமும் கொண்டதையே மாற்ற வேண்டும்.